கோடும் கோட்டமும்

பிரசவ அறைகளில் பல பத்தாண்டுகளாக ஒரு தாள் புழங்கியது. இன்னும் பல இடங்களில் புழங்குகிறது. பார்ட்டோகிராம் என்பார்கள். கட்டம் போட்ட காகிதம். கிடையாக மணிக்கணக்கு, நெடுக்காகக் கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்ற கணக்கு. நடுவே, வலப்பக்கமாக ஏறும் இரண்டு சாய்கோடுகள் அச்சிலேயே வந்திருக்கும். முதலாவது எச்சரிக்கைக் கோடு. நான்கு மணி நேரம் தள்ளி அதற்கு இணையாக ஓடுவது நடவடிக்கைக் கோடு. வலி கண்ட பெண்ணைப் பரிசோதித்துவிட்டு வரும் நர்ஸ் தாளில் ஒரு பெருக்கல் குறி போடுவார். சில மணி நேரம் கழித்து இன்னொன்று. குறிகள் முதல் கோட்டுக்கு இடப்பக்கமாகவே ஏறினால் யாரும் பதறுவதில்லை. வலப்பக்கம் ஒதுங்கத் தொடங்கினால் அறையின் குரல் மாறும். "இன்னும் அஞ்சுலயே நிக்குது" என்று ஒருவர் சொல்வார். வலியைக் கூட்ட டிரிப்ஸ் ஏறும். ஆபரேஷன் என்ற சொல், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் காதுக்குப் போகும்.

எச்சரிக்கைக் கோட்டின் சாய்வு மணிக்கு 1 சென்டிமீட்டர். அந்தப் பெண் வந்து படுப்பதற்கு வெகுகாலம் முன்பே அச்சகத்தில் போடப்பட்டுவிட்ட கோடு அது. அவளுடைய உடம்புக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இதை யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்று தேடப் போனேன். தேடல் மருத்துவத்தோடு நிற்கவில்லை.

முதலில் சொல்லிலேயே இடறியது. இன்று கோடு என்றால் நம் மனத்தில் எழுவது ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடுதான். ஆனால் தமிழில் கோடுதல் என்றால் வளைதல். யானையின் தந்தம் கோடு, மாட்டின் கொம்பு கோடு, மரத்தின் கிளை கோடு, ஏரியின் கரையும் கோடு. இவற்றில் எதுவும் நேர் இல்லை. கோட்டம் என்றால் வளைவு, கோணல். திருக்குறள் நடுவுநிலைமையைப் பேசும்போது ஆளும் சொல் கோடாமை, அதாவது ஒரு பக்கம் சாயாதிருத்தல். 55ஆம் அதிகாரம் செங்கோன்மை, அடுத்ததே கொடுங்கோன்மை: நேராக நிற்கும் கோல் நல்லாட்சி, வளைந்துவிட்ட கோல் கொடுமை. நேர்மை என்ற சொல்லுக்குள்ளும் நேர்தான் இருக்கிறது. அறத்தை நேரின் பக்கம் வைத்த மொழி, கோட்டுக்கு மட்டும் வளைவின் பெயரை வைத்திருக்கிறது.

நூல் என்ற சொல்லும் இந்தக் கதையைச் சேர்ந்தது. நூலுக்கு ஏன் நூல் என்று பெயர் என்பதற்கு நன்னூல் பாயிரம் தச்சரைச் சாட்சிக்கு அழைக்கிறது. தச்சர் சாயம் தோய்த்த நூலை மரத்தின் மேல் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார். விழுந்த தடத்துக்கு வெளியே பிதுங்கி நிற்பதை இழைத்துத் தள்ளுவார். மரத்தின் கோட்டம் தீரும். அதுபோல மனத்தின் கோட்டத்தைத் தீர்ப்பது நூல் என்கிறது பாயிரம். அழகான உவமை. ஆனால் இதில் ஒரு கட்டளை இருக்கிறது: நூலுக்கு ஒத்துவராத மரம் செதுக்கப்படும்.

இதே நூலை வேறு விதமாகப் பிடிப்பவர் ஒருவரும் நம்மிடையே உண்டு. அவர் ஸ்தபதி.

சிற்ப மரபில் உருவத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தூக்குநூல் இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிரம்ம சூத்திரம் என்று பெயர். சூத்திரம் என்றாலே நூல்தான். சமபங்கமாக நிற்கும் உருவத்தில் உச்சந்தலை, மூக்கு, உந்தி, இரு கால்களின் நடு என்று எல்லாம் அந்த நூலின் மேலேயே வரும். ஆபங்கத்தில் உடல் சற்றே ஒசியும். திரிபங்கத்தில் மூன்று இடங்களில் ஒடியும். அதிபங்கத்தில் இன்னும் தீவிரமாக வளையும். இடை நூலிலிருந்து எவ்வளவு விலகவேண்டும், முகம் எந்தப் பக்கம் எவ்வளவு சாயவேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. சுவாமிமலையில் மெழுகில் உருவம் பிடிக்கும் ஸ்தபதிகள் தென்னை ஓலையை நறுக்கி மடித்து ஒடியோலை என்னும் அளவுகோல் செய்துகொள்கிறார்கள். செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கே ஓலையை வெட்டி, அதையே மடித்து மடித்துத் தாலங்கள் என்னும் பங்குகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு சிலைக்கும் அதற்கே உரிய அளவுகோல். முடிந்த செப்புத்திருமேனியில் நூலும் இல்லை, ஓலையும் இல்லை. ஆனால் அந்த இடுப்பின் வளைவு இவ்வளவு துல்லியமாக நம் கண்ணில் விழுவதற்குக் காரணம், அங்கே இல்லாத அந்த நேர்கோடுதான்.

தச்சரின் நூல் கோட்டத்தைத் தீர்க்கிறது. ஸ்தபதியின் நூல் கோட்டத்தை அளக்கிறது. கலையிலும் அறிவியலிலும் மருத்துவத்திலும் நேர்கோடு வரும் இடமெல்லாம் இந்த இரண்டில் எந்த நூல் அங்கே பிடிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால் பல குழப்பங்கள் தெளிகின்றன என்பதே என் எண்ணம்.

வாசலில் போடும் சிக்குக் கோலத்திலும் நேர்கோடு ஒளிந்துதான் இருக்கிறது. நேர்ப்புள்ளியோ ஊடுபுள்ளியோ, முதலில் புள்ளிகள் வரிசை பிசகாமல் விழுகின்றன. பிறகு இழை ஒரு புள்ளியின் மேலும் படாமல் எல்லாவற்றையும் சுற்றி வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-ல் கோலத்தை இலக்கண விதிகளாக எழுதிக் கணினி அறிவியல் உலகத்தின் முன் வைத்தார்கள். நம் வீட்டு வாசலிலிருந்து ஆய்வுத்தாளுக்குப் போன வளைகோடு அது. 

அறிவியலில் நான் பார்த்த மிக நீளமான ஸ்தபதி நூல் சென்னையில்தான் பிடிக்கப்பட்டது. 1802-ல் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று நோக்கி ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். கருவி, 100 அடி நீள எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அங்கே ஏற்கப்படாமல், கைமாறிக் கல்கத்தாவில் லாம்ப்டனிடம் வந்துசேர்ந்த சங்கிலி அது. அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகளின் மேல் மட்டம் பார்த்து, நிழலுக்குக் கூடாரம் பிடித்து, ஏறத்தாழ 400 தடவை மாற்றி மாற்றி வைத்தார்கள். கூடாரம் மனிதர்களுக்காக இல்லை, சங்கிலிக்காக. வெயிலில் எஃகு நீளும். 100 அடிச் சங்கிலி ஒரு பாரன்ஹீட் டிகிரிக்கு அங்குலத்தில் நூறில் ஒரு பங்குகூட நீளாது. ஆனால் 20 டிகிரி ஏறி, 400 தடவை அதே சங்கிலியை வைத்தால் மொத்தப் பிழை 5 அடியாகிவிடும். ஆகவே பெட்டிக்குள் வெப்பமானிகளை வைத்து, டிகிரிக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே போனார்.

அந்தக் கழித்தலில் இருப்பதுதான் அறிவியல் சொல்லும் நேரியல்பு. வெப்பம் இரு மடங்கு ஏறினால் நீட்சியும் இரு மடங்கு. சென்னை வெயிலின் எல்லைக்குள் எஃகு அந்த வாக்கைக் காப்பாற்றியது. உலைக்களத்து வெப்பத்தில் அதே வாக்கை நம்ப முடியாது.

இவ்வளவு பாடுபட்டு நேர்கோடு போட்டவரின் நோக்கமோ வளைவு. பூமி எவ்வளவு வளைந்திருக்கிறது, துருவப் பக்கம் எவ்வளவு தட்டையாகிறது என்று கண்டறியவே அவர் அந்தக் கோட்டின் மேல் முக்கோணங்களை அடுக்கினார். பள்ளியில் படித்த முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை. பூமியின் மேல் வரைந்த பெரிய முக்கோணத்தில் அது சற்று மிகும்; சுமார் 200 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை என்ற கணக்கில். அந்த மிச்சத்தைப் பிழை என்று தள்ளாமல் பூமியின் வளைவு என்று கணக்கில் எழுதிக்கொள்வதில்தான் அவருடைய திறமை இருந்தது. 1808-ல் தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அவருடைய தியோடலைட் என்ற அரை டன் கோணமானி சுவரில் மோதி நசுங்கியது. பல வாரம் உட்கார்ந்து அவரே அதைத் தட்டி நிமிர்த்தினார். இன்று அந்த ஏழரை மைலின் மேல் நேராக நடக்க நினைப்பவர் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குள் புகுந்துதான் போகவேண்டும்.

நேர்கோடு வேறு, நேரியல்பு வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். தமிழ்நாட்டில் 2013-ல் நிர்ணயித்த ஆட்டோ கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். மீட்டர் போட்டு ஓடுவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1.8-க்கு 25 என்றால் இரு மடங்கான 3.6-க்கு 50 வரவேண்டும். வருவது 46 ரூபாய் 60 காசு. வரைபடத்தில் போட்டால் குறைந்தபட்சத் தூரத்துக்குப் பிறகு பிசகாத நேர்கோடு. ஆனாலும் நேரியல்பு இல்லை. கணிதம் கேட்பது இரண்டு: உள்ளே போவதை இரட்டித்தால் வெளியே வருவதும் இரட்டிக்க வேண்டும், இரண்டைச் சேர்த்து அனுப்பினால் தனித்தனியே அனுப்பியவற்றின் கூட்டுத்தொகையே வரவேண்டும். ஒரே சவாரியைப் பாதியில் இறங்கி இன்னொரு ஆட்டோ பிடித்து முடித்துப் பாருங்கள், இரண்டாவது நிபந்தனை எப்படி உடைகிறது என்று பர்ஸே சொல்லும்.

இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் அடங்கும் உலகம் வசதியானது. ராபர்ட் ஹூக் 1678-ல் ஸ்பிரிங்குக்கு வகுத்த விதி அப்படிப்பட்டது. காய்கறிக்காரரின் தொங்கு தராசு இன்றும் அதை நம்பித்தான் தொங்குகிறது. குளத்தில் இரண்டு கல் எறிந்தால் எழும் சிற்றலைகள் ஒன்றையொன்று கடந்து, எதுவும் நடக்காதது போலத் தம் வழியே போகின்றன. நாகஸ்வரமும் தவிலும் ஒரே காற்றில் கலந்து வந்தாலும் காது இரண்டையும் பிரித்தெடுக்கிறது. ஃபூரியே 1822-ல் வெளியிட்ட வெப்பவியல் நூலின் உயிரே இந்தக் கூட்டல் பண்புதான்: சிக்கலான ஒன்றை எளிய அலைகளாகப் பிரி, ஒவ்வொன்றையும் தனியே தீர், மீண்டும் கூட்டு. இரண்டு நூற்றாண்டுப் பொறியியல் இதன் மேல் நிற்கிறது.

ஆனால் தீர்க்க முடிந்த கணக்குகளையே திரும்பத் திரும்பப் பாடநூலில் படித்ததால், உலகமே அப்படித்தான் என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது. 1961-ல் எட்வர்ட் லோரென்ஸ் தன் வானிலைக் கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்ட, 0.506127 என்பதற்குப் பதில் அச்சுத்தாளில் இருந்த 0.506-ஐக் கணினிக்குக் கொடுத்தார். நேரியல் உலகத்தில் சுமார் நாலாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு கடைசிவரை நாலாயிரத்தில் ஒரு பங்காகவே இருந்திருக்கும். இங்கே சில மாதக் கணிப்புக்குள் இரண்டு வானிலைகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நேரியல் அல்லாத அறிவியல் என்று தனியே பிரித்துப் பேசுவது, யானை அல்லாத விலங்குகளின் விலங்கியல் என்று பேசுவது போல என்று கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாம் சொன்னதாக ஒரு கருத்து வழங்குகிறது. விதிவிலக்கு யானைதான், மற்றது எல்லாம் பொது.

யானை என்றதும் ஓர் உண்மை யானை நினைவுக்கு வருகிறது. 1962 ஆகஸ்ட் 3, அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி விலங்குக் காட்சிசாலை. டஸ்கோ என்ற ஆண் யானைக்கு மதம் பிடிப்பதைப் போன்ற நிலையை மருந்தால் உண்டாக்க முடியுமா என்று ஆராய, எல்.எஸ்.டி. என்ற மனமயக்கி மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். மனிதருக்கு ஒரு மில்லிகிராமில் ஒரு சிறு பங்கே போதுமான மருந்து. யானைக்குக் கொடுத்தது 297 மில்லிகிராம். அளவை எப்படிக் கணக்கிட்டார்கள்? பூனை தாங்கும் அளவைக் கிலோவுக்கு இவ்வளவு என்று எடுத்து, யானையின் எடையால் பெருக்கினார்கள். சில நிமிடங்களில் யானை பிளிறிச் சாய்ந்தது. ஒரு மணி 40 நிமிடத்தில் இறந்தது. காப்பாற்றக் கொடுத்த மற்ற மருந்துகளுக்கும் சாவில் பங்கு உண்டு என்று பிற்பாடு வாதங்கள் எழுந்தன. ஆனால் பெருக்கல் தவறு என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. உடலின் எரிசக்தி எடையோடு நேராக ஏறுவதில்லை, எடையின் முக்கால் அடுக்கோடு ஏறுகிறது என்று மாக்ஸ் கிளைபர் 1932-லேயே காட்டியிருந்தார். பூனையைவிட 1000 மடங்கு எடையுள்ள விலங்குக்கு எரிசக்தி சுமார் 178 மடங்குதான். யானை என்பது பெரிதாக்கிய பூனை இல்லை.

பூனைக்கும் யானைக்கும் நடுவேதான் இந்த வில்லங்கம் என்று நினைக்க வேண்டாம். ஒரே மனிதரின் உடம்புக்குள்ளும் நடக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் பழைய மருந்து. 1938 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கல்லீரல் அதை வெளியேற்றும் வேகத்துக்கு ஓர் உச்சம் உண்டு. மருந்து பெருகப் பெருகக் கல்லீரல் திணறும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் பாடநூல் சராசரிகளை வைத்துக் கணக்குப் போட்டேன். தினம் 300 மில்லிகிராம் என்றால் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் நிற்கும். 350 ஆக்கினால் 20. இன்னும் 30-ஐக் கூட்டி 380 ஆக்கினால் 38. பயன் தரும் எல்லை 10 முதல் 20 வரை; 30-ஐத் தாண்டினால் கண்மணி ஆடும், நடை தள்ளாடும். முதல் 50 மில்லிகிராம் நோயாளியைப் பாதுகாப்பின் விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. அடுத்த 30 தள்ளிவிட்டது. "நேத்து ஒரு மாத்திரை விட்டுப்போச்சு, அதான் இன்னைக்கு ரெண்டா போட்டுக்கிட்டேன்" என்று சொல்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்கள் அறியாமல் ஒரு நேரியல் அனுமானம் செய்கிறார்கள்.

நேர்கோட்டைப் பற்றி மருத்துவம் கொண்டிருக்கும் இரட்டை மனம் மிகத் தெளிவாகத் தெரிவது கதிரியக்கத்தில். புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை தரும் இயந்திரத்தின் பெயரிலேயே நேர் இருக்கிறது: லினாக், அதாவது நேரியல் முடுக்கி. எலெக்ட்ரான்களை நேர்க்குழாயில் விரட்டிச் செல்வதால் வந்த பெயர். ஆனால் அது செய்யும் சிகிச்சை, கதிரின் விளைவு நேரியல் இல்லை என்ற ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது. பாரிஸ் ரேடியம் ஆய்வகத்தில் குளோட் ரெகோ செம்மறிக் கடாக்களை வைத்துச் செய்த சோதனைகள் இதற்கு வித்திட்டன. விந்தணு உற்பத்தியை ஒரே தவணைக் கதிரால் நிறுத்தப் பார்த்தால் மேல்தோல் வெந்துபோயிற்று. பல நாளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது உற்பத்தி நின்றது, தோல் தப்பியது. விந்தணுவை உண்டாக்கும், வேகமாகப் பிளவுறும் அந்தச் செல்களைப் புற்றுநோயின் இடத்தில் வைத்துப் பாருங்கள், விஷயம் புரியும்.

இன்றைய கணக்கில் கதிரின் சேதத்துக்கு இரண்டு பகுதி. ஒன்று அளவோடு நேராக ஏறும். மற்றது அளவின் இருபடியாக ஏறும். புற்றுக்கட்டியில் முதல் பகுதி ஓங்கியிருக்கும், நாட்பட்டுச் சேதம் காட்டும் நல்ல திசுவில் இரண்டாவதற்கு வலு அதிகம். வழக்கமான எண்களைப் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 50 கிரே; கிரே என்பது கதிரளவின் அலகு. அதை இரண்டிரண்டு கிரேயாக 25 நாள் கொடுத்தால், கட்டிக்கு விழும் அடி 60 என்றால் நல்ல திசுவுக்கு 83. அதே 50-ஐ ஐந்தைந்தாகப் பத்து நாளில் கொடுத்தால் கட்டிக்கு 75, நல்ல திசுவுக்கு 133. கட்டி வாங்கும் அடி கால் பங்குதான் கூடியது. நல்ல திசு வாங்குவதோ பாதிக்கு மேல், 60 சதவீதம் கூடிவிட்டது. தினமும் பேருந்து பிடித்து வந்து, இரண்டு நிமிடம் படுத்து எழுந்து, ஐந்து வாரம் அலையும் நோயாளிக்கு "ஒரே நாள்ல குடுத்து முடிச்சா என்ன டாக்டர்?" என்ற கேள்வி எழுவது நியாயம். அந்த இருபடிப் பகுதிதான் பதில். சில புற்றுகளுக்கு இன்று குறைந்த தவணைகளில் முடிக்கிறார்கள். அதுவும் இதே வளைகோட்டைக் கணக்கிட்டுத்தான்.

இதே கட்டடத்தின் இன்னோர் அறையில் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். அவர் மேசையில் இருப்பது நேர்கோடு. எவ்வளவு சிறிய கதிரும் அதன் அளவுக்கேற்பப் புற்று அபாயத்தைக் கூட்டும், பாதுகாப்பான கீழ் எல்லை என்று ஒன்றும் இல்லை என்பது அவருடைய விதி. ஹெர்மன் முல்லர் 1927-ல் பழ ஈக்களின் மேல் எக்ஸ்-கதிர் பாய்ச்சி மரபணு மாற்றங்களைக் காட்டியதில் தொடங்கி, ஹிரோஷிமா, நாகசாகி மக்களில் சுமார் 1,20,000 பேரை 1950 முதல் பின்தொடரும் ஆய்வு வரை இதற்கு ஆதாரங்கள் திரட்டப்பட்டன. அணுகுண்டுக் கதிரின் பெரிய அளவுகளில் புள்ளிகள் கோட்டின் மேல் ஒழுங்காக விழுகின்றன. சிறிய அளவுகளுக்கு வரும்போது மற்றக் காரணங்களால் வரும் புற்றுகளின் இரைச்சலில் புள்ளிகள் கலங்கிவிடுகின்றன. அங்கே கோடு தரவு அல்ல. தரவிலிருந்து பூஜ்யம் வரை கையால் நீட்டியது.

நீட்டியது சரியா என்பதில் பெரியவர்களே ஒத்துப்போகவில்லை. 2005-ல் பிரெஞ்சு அறிவியல் கழகமும் மருத்துவக் கழகமும் கூடாது என்றன. அடுத்த ஆண்டு வெளியான அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை, இருப்பதில் பொருத்தமானது இதுவே என்றது. நம் பக்கத்திலும் சான்று உண்டு. கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலிலேயே தோரியம் கொண்ட மோனசைட் இருக்கிறது. கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பின்தொடர்ந்து 2009-ல் வெளியான ஆய்வு, மண்ணிலிருந்து வரும் கதிரால் புற்று கூடியதாகக் காணவில்லை. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்காவில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட அணுத்துறை ஊழியர்களை ஆராய்ந்து 2023-ல் வெளியானதோ, சிறிய அளவுகளிலும் அபாயம் ஏறுவதாகக் காட்டியது.

என் தீர்ப்பைக் கேட்டால், பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட், ஊழியர்களுக்குச் சராசரியாக 20 என்று வரம்பு கட்ட அந்த நேர்கோடு நல்ல நூல். அது சற்று அதிகமாகப் பயந்தாலும் குற்றமில்லை. ஆனால் அதே கோட்டை எடுத்துக்கொண்டு, ஓர் எக்ஸ்-ரேயின் அபாயத்தைக் கோடிப் பேரால் பெருக்கி, இத்தனை ஆயிரம் பேர் சாவார்கள் என்று தலைப்புச்செய்தி போடுவது, டஸ்கோவுக்குச் செய்த பெருக்கலின் மறுபக்கம். கதிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையமே 2007-ல் இந்தப் பெருக்கலைச் செய்யவேண்டாம் என்று எழுதிவிட்டது.

இனி பிரசவ அறைக்குத் திரும்பலாம். நியூயார்க்கில் இமானுவேல் ஃப்ரீட்மன் 1955-ல் 500 தலைப்பிரசவப் பெண்களின் குறிகளை வரைபடமாக்கினார். அவருக்குக் கிடைத்தது நேர்கோடு இல்லை. முதலில் மெல்ல ஊர்ந்து, பிறகு விறுவிறுவென ஏறி, கடைசியில் தளரும் நெளிகோடு. அதை நிமிர்த்தியவர்கள் ஃபில்பாட், காசல் என்ற இரு மருத்துவர்கள். இடம் ரொடீஷியாவின் சாலிஸ்பரி, இன்றைய ஹராரே. ஆண்டு 1972. ஊர்ப்புறப் பிரசவ நிலையங்களில் மருத்துவர் இல்லை, மருத்துவச்சிகள் மட்டும்தான். எந்தப் பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். ஆகவே, தலைப்பிரசவப் பெண்களில் மிக மெதுவாக முன்னேறிய பத்து சதவீதத்தினரின் வேகத்தை எடுத்து, மணிக்கு 1 சென்டிமீட்டர் என்று கோடு போட்டார்கள். அதைத் தாண்டினால் வண்டி ஏற்று என்று பொருள். அடுத்த கோடு நான்கு மணி நேரம் தள்ளி ஏன் வந்தது? வண்டி போய்ச் சேரவும் அங்கே பார்த்து முடிவெடுக்கவும் ஆகும் நேரம். அந்த இடைவெளியில் இருந்தது கருப்பையின் கணக்கு இல்லை, ஆப்பிரிக்கச் சாலையின் கணக்கு.

ஸ்தபதியின் நூலாகப் பிடித்த கோடு இது. அப்படிப் பிடித்த இடத்தில் நன்மையும் செய்தது. இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து மருத்துவமனைகளில் 35,484 பெண்களை வைத்து உலக சுகாதார நிறுவனம் நடத்தி 1994-ல் வெளியிட்ட ஆய்வில், நெடுநேரம் இழுத்த பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4-க்குக் குறைந்தன. வலி கூட்டும் மருந்துகூடக் குறைவாகவே தேவைப்பட்டது. ஒரு தாளுக்கு இது சாதாரணச் சாதனை இல்லை.

தச்சரின் நூல் வேறு திசையிலிருந்து வந்தது. டப்ளினில் ஓட்ரிஸ்கால் என்ற மருத்துவர் 1969 முதல் பரப்பிய முறையில், மணிக்கு 1 சென்டிமீட்டர் என்பது பெண் எட்டியாகவேண்டிய வேகம். எட்டாவிட்டால் பனிக்குடத்தை உடை, வலி கூட்டும் ஆக்சிடோசினை ஏற்று. ஒரே எண் இரண்டு வேலைக்கும் அமர்ந்தது. காலப்போக்கில் அலுவல் மிகுந்த வார்டுகளில், வண்டி ஏற்றச் சொன்ன கோடும் செதுக்கச் சொன்ன கோடும் ஒன்றாகிவிட்டன. பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளேயே படுத்திருக்கும் பெண்ணுக்கு எந்தச் சாலைக்காக நான்கு மணி நேரம் என்று யாரும் கேட்கவில்லை.

2010-ல் ஜாங் என்ற ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்காவில் 62,415 பிரசவங்களை ஆராய்ந்தபோது, நல்லபடியாகப் பெற்ற பெண்களிலேயே சிலருக்கு 4-லிருந்து 5 சென்டிமீட்டர் ஆக 6 மணி நேரத்துக்கு மேலும், 5-லிருந்து 6 ஆக 3 மணி நேரத்துக்கு மேலும் பிடித்தது தெரிந்தது. அவர்கள் எல்லாரும் பழைய தாளில் எச்சரிக்கைக் கோட்டுக்கு வலப்பக்கம் போயிருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-ல், மணிக்கு 1 சென்டிமீட்டர் என்பது சில பெண்களுக்கு நடைமுறைக்கு ஒவ்வாத வேகம், அதை வைத்துப் பிரசவம் சரியாகப் போகிறதா என்று தீர்மானிக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. தீவிர நிலை 5 சென்டிமீட்டரில் தொடங்குவதாகக் கொள்ளச் சொன்னது.

2020 டிசம்பரில் அந்நிறுவனம் புதிய தாளை வெளியிட்டது. அதில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தனித்தனிப் பொறுமை உண்டு: 5-ல் 6 மணி நேரம், 6-ல் 5 மணி நேரம், 7-ல் 3, 8-ல் இரண்டரை, 9-ல் 2. பெண்ணுக்குத் துணையாக யாராவது உடன் இருக்கிறார்களா, அவள் குடிக்க ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்கும் கட்டங்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சாய்கோடுகள் இரண்டும் எடுக்கப்பட்டுவிட்டன.